அம்மா வழுக்கி விழவில்லை

போன வருடம் மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. பிள்ளையாருக்கு மாலை கொண்டுபோன என் அம்மாவைச் சாமான் ஏற்றுகிற ஒரு வான் இடித்தது. லா ஷப்பல் மெத்ரோ ரயில் நிலையத்துக்குக் கிட்ட, வெள்ளைக்கோட்டுக் கடவையின் நடுவில். மாலை ரோட்டில் சிதறியது. அதன்மேல் எத்தனையோ கார்கள் ஏறிப் போயிருக்கும்.

ரூ பஜோல் தெருப் பிள்ளையார் கோயிலுக்கு என்னோடு வருகிற அடியார்களே, பிள்ளையார் என் வேண்டுதலைக் கேட்டார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் சிரித்த முகத்தோடு எழுதவில்லை. எனக்கு இன்னும் கசக்கிறது.

வானை ஓட்டியவர் எங்கள் தமிழ் ஆள். ரூ பெர்தொனே தெருக் கடைகளுக்குச் சாமான் இறக்குகிறவர். பெயர் வேண்டாம். வான்காரர் என்றே சொல்கிறேன். இறங்கி ஓடி வந்தார், அம்மாவைத் தூக்கினார், தன் வானிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. பொலிசையும் கூப்பிடவில்லை. போகிற வழியில் என்ன சொல்வது என்று பேசி முடித்துவிட்டார். அம்மாவுக்குப் பிரெஞ்சு வராது. தாதியிடம் அவர்தான் பேசினார். மெத்ரோப் படியில் வழுக்கி விழுந்துவிட்டார் என்றார். அம்மா தலையாட்டினார். நான் வகுப்பிலிருந்து ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அது கணினியில் ஏறிவிட்டது.

அடுத்த நாள் அவரும் மனைவியும் பழங்களோடு வந்தார்கள். நாங்கள் எங்களுக்குள்ளே பார்த்துக்கொள்வோம், பொலிஸ் என்று போனால் வான் ஓட்டுகிற பெர்மி போய்விடும், பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்கும் என்று அவர் சொன்னார். அவர் மனைவியை நான் அன்ரி என்றுதான் கூப்பிடுவேன். அன்ரி அழுதுகொண்டே அம்மாவின் நெற்றியில் கோயில் விபூதியைப் பூசினார். அம்மாவின் இடுப்பு முறிவு சுகமானால் தேரன்று கற்பூரச்சட்டி எடுப்பதாக நேர்த்தி வைத்திருக்கிறார் என்று வான்காரர்தான் பெருமையாகச் சொன்னார்.

அந்தப் பழங்கள் முடிவதற்குள் நாங்கள் டெலிபோன் அடித்தால் எடுப்பதையும் அவர் விட்டுவிட்டார்.

அம்மாவின் இடுப்பு எலும்பு சரியாகப் பொருந்தவில்லை. இரண்டு ஊன்றுகோல். ரெஸ்தோரன் குசினியில் நின்று சமைக்கிற வேலை அம்மாவுக்கு. அது போனது. பொண்டியில் எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. அம்மா ஜன்னலோடு இருந்தார். நான் வகுப்புக்கும் வீட்டுக்கும் நடுவே ஆர்.ஈ.ஆர் ரயிலில் நின்றபடி போனில் சட்டம் வாசித்தேன். எதையும் அரைகுறையாக விட எனக்கு வராது.

வாசித்ததை வீட்டில் சொல்வேன். நடந்து போகிறவரை வாகனம் இடித்தால் அந்த வாகனத்தின் காப்புறுதிக்காரர்தான் நட்டஈடு கொடுக்க வேண்டும், ஓட்டியவரின் வீட்டை யாரும் விற்கப்போவதில்லை என்று விளக்குவேன். அம்மா டிவியின் சத்தத்தைக் கூட்டுவார். ஒருநாள் கத்திவிட்டேன். அப்போதுதான் அம்மா சொன்னார்.

"சிக்னலிலை சிவப்பு மனிசன் நிண்டது பிள்ளை. பூசைக்கு நேரம் போட்டுதெண்டு நான்தான் ஓடினனான். பிழை என்ரை. பிறகு என்ன வாயோடை நான் அந்தாளிலை குற்றம் சொல்லுறது?"

ஐந்து மாதம் அம்மா இதை விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார். குற்றவாளி தான்தான் என்று நினைத்து அந்த மனிதருக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். அவருக்கோ அது வசதியாகப் போய்விட்டது.

மெரி என்கிற நகரசபையில் காசு வாங்காமல் ஆலோசனை சொல்கிற சட்டத்தரணி ஒருவரிடம் போனேன். அவர் நான் வாசித்ததையே சொன்னார். சிவப்பில் கடந்தது பிழைதான். ஆனால் காயப்பட்டவரின் உரிமையை அது பறிக்காது. இந்த நாட்டுச் சட்டம் காருக்கு முன்னால் நிற்கிற உடம்பின் பக்கம்தான் நிற்கிறது. வேண்டுமென்றே சாகப் போனவர் மாதிரி, மன்னிக்கவே முடியாத பிழை என்றால்தான் வேறு கதை. விசா, பத்திரம் எதையும் அது கேட்பதில்லை. எனக்கு எழும்பி ஆடவேண்டும் போல இருந்தது. பிறகு அவர் கேட்டார்: ஆஸ்பத்திரியில் படியில் விழுந்ததாக இருக்கிறதே, வான் இடித்ததை யார் பார்த்தார்கள்?

யாரும் இல்லை. கடை வாசலில் நின்ற நம் ஆட்களைக் கேட்டேன். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அன்றைக்குப் பார்த்து எல்லாரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்களாம்.

அன்று மாலை கோயிலுக்குப் போனேன். கும்பிடப் போகவில்லை, சண்டை பிடிக்கப் போனேன். உன்னிடம் வருகிற வழியில்தானே அவளை இடித்தார்கள், உனக்கு மாலை கொண்டு வந்தவள்தானே என்று கேட்டேன். சுகம் கேட்கவில்லை. ஒரு வாய் கேட்டேன். உண்மையைச் சொல்ல ஒரே ஒரு வாய் தா, இல்லையென்றால் இனி இந்தப் படி ஏறமாட்டேன் என்றேன். ஐயர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

ஆவணியில் தேர் வந்தது. அம்மா பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்தார். ஒரு கடைக்காரர் கதிரை போட்டுத் தந்தார். அம்மா அதில் இருக்காமல் ஊன்றுகோல்களைப் பிடித்துக்கொண்டு நின்றார். தேருக்குப் பின்னால் பெண்கள் கற்பூரச்சட்டியோடு வந்தார்கள். அவர்களில் ஒருவர் அன்ரி. சட்டி எரிந்துகொண்டிருந்தது, முகமெல்லாம் வியர்வை. எங்களைக் கடக்கும்போது அம்மாவைப் பார்த்தார். நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் அவரை இடித்துக்கொண்டு விலகிப் போனார்கள்.

அவர் சட்டியைத் தரையில் வைத்தார்.

"அக்கா, நீங்கள் நடந்து வேலைக்குப் போறியள் எண்டெல்லோ இவர் சொன்னவர்? அதுக்குத்தானே நான் இண்டைக்கு நேர்த்தி முடிக்க வந்தனான்."

அம்மா ஒரு ஊன்றுகோலைத் தூக்கிக் காட்டினார். 

"பிள்ளையாருக்கு முன்னாலை என்னைப் பொய்க்கு நெருப்புத் தூக்க வைச்சிட்டார்," என்றார் அன்ரி. பிறகு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, அண்டைக்கு நான் வானுக்குள்ளை பக்கத்திலை இருந்தனான். எங்கை சொல்லவேணுமோ கூட்டிக்கொண்டு போ."

நான் கேட்ட வாய் அது. அவ்வளவு நாளும் அது அந்த வானுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அம்மாவுக்கு அது தெரியும், அன்ரியை இதில் மாட்டிவிடக் கூடாது என்று எனக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

பொலிசில் அன்ரி சொன்னதை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பிரெஞ்சில் சொன்னார். அம்மாவும் சொன்னார். படியில் விழுந்ததாகச் சொன்னது பொய் என்றும், சிவப்பில் ஓடியது உண்மை என்றும் சொன்னார். முதலில் மறுத்த காப்புறுதிக்காரர்கள் பிறகு ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுடைய வைத்தியர் பார்த்தபோது எங்கள் பக்கத்துக்கும் ஒரு வைத்தியரைக் கூட்டிப்போனோம். அதுவும் எங்கள் உரிமைதான். அம்மாவுக்கு மீண்டும் ஒரு ஒப்பரேஷன் நடந்தது. இப்போது ஊன்றுகோல் ஒன்றுதான். குசினியில் நிற்க இனி முடியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அதையும் அவர்கள் கணக்கில் எடுத்திருக்கிறார்கள்.

வான்காரரின் பெர்மி போகவில்லை, அதிலுள்ள புள்ளிகள்தான் குறைந்தன. வான் இன்றைக்கும் ஓடுகிறது. பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்கவில்லை. இதற்காகத்தான் என் அம்மாவைக் கோணல் எலும்போடு அத்தனை மாதம் ஜன்னலோடு இருக்க விட்டார்கள். நான் கடைக்குள் போனால், "லோயரம்மா வாறா, வாயைப் பொத்துங்கோ" என்கிறார்கள். அன்ரியை அதைவிட மோசமாகச் சொல்கிறார்கள். அவருடைய வீட்டில் நடந்ததை நான் எழுதமாட்டேன்.

பிள்ளையாரே, உனக்கு நன்றி. கோபத்தோடு கேட்டதையும் கேட்டாய். நான் படித்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டுச் சட்டம் படிக்கப் போய்விட்டேன். வெள்ளிக்கிழமைகளில் செருப்பு வைக்கிற இடத்தில் என்னைப் பார்க்கலாம். அடிபட்டவர்கள் வந்து மெதுவாகப் பேசுகிறார்கள். இத்தனை பேர் படியில் வழுக்கி விழுந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

அன்ரியின் நேர்த்தி இன்னும் முடியவில்லை. அம்மா ஊன்றுகோலை விடும்வரை ஒவ்வொரு தேருக்கும் சட்டி எடுக்கப்போகிறாராம். அவருக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள். நீங்களும் நம்பிக் கேளுங்கள், கோபமாக இருந்தாலும் கேளுங்கள். ஆனால் உங்களை இடித்தவரின் வானில் ஏறாதீர்கள். கடவையில் யாராவது விழுந்து கிடந்தால் நில்லுங்கள், பொலிஸ் வரும்வரை நின்று கண்டதைச் சொல்லுங்கள். பிறகு கோயிலுக்கு வாருங்கள். பூசை முடிந்திருந்தாலும் பரவாயில்லை.