ஒரே படத்தில் மூன்று முறை செத்தவர்

சினிமாவில் நடித்திருப்பதாக என் கணவர் கல்யாணமான முதல் வாரமே சொன்னார். எந்தப் படம் என்று கேட்டேன். தெரியாது என்றார். ஷூட்டிங்கின்போது ஒரு பெயர் வைத்திருந்தார்களாம். அந்தப் பெயரில் படம் வரவே இல்லையாம். இரண்டு வருஷம் திண்டிவனம் போகும்போதெல்லாம் போஸ்டர்களைப் பார்த்துப் பார்த்து ஓய்ந்துவிட்டாராம். புதுப் பெண்டாட்டியிடம் அளந்து விடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

நாளடைவில் அது எங்கள் வீட்டுக் கேலியாகிவிட்டது. அவர் குடத்தை எடுக்கத் தயங்கினால், “சினிமாக்காரரு, அவரு எதுக்குத் தண்ணி தூக்கணும்?” என்பேன். மகளும் பேசக் கற்றுக்கொண்டதும் சேர்ந்துகொண்டாள். அவர் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. “நடிச்சது நடிச்சதுதான்” என்று மட்டும் சொல்வார்.

போன ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. உப்பளத்தில் பாத்தியெல்லாம் தண்ணீர். அவருக்கு வேலை இல்லை, மகளுக்குக் காலேஜ் லீவு. நான் தையல் மெஷினில் இருந்தேன். மகள் டிவியில் யூடியூபைப் போட்டுத் துழாவி, பழைய காட்டுப் படம் ஒன்றை வைத்தாள். இந்த மாதிரிப் படங்களில் ஓட்டை கண்டுபிடிப்பது எங்கள் இருவருக்கும் பெரிய பொழுதுபோக்கு.

அன்றைக்குப் பஞ்சமே இல்லை. புதையல் தேடி மனிதக் கால் படாத காட்டுக்குள் ஏழு நாள் நடக்கிறார்கள். மரமெல்லாம் நூல் பிடித்த மாதிரி வரிசையாக நிற்கிறது.

“ஆளே போகாத காட்டுல யாரும்மா சவுக்கு நட்டது?” என்றாள் மகள்.

கதாநாயகனின் கிழிந்த சட்டை ஆற்றைத் தாண்டியதும் தானாகத் தைத்துக்கொண்டது. புலி உறுமுகிறது, உறுமுகிறது, கடைசிவரை வரவே இல்லை. பிறகு பனிமலை வந்தது. கதாநாயகி பல் நடுங்க நடக்கிறாள், முகமெல்லாம் வேர்த்துக் கொட்டுகிறது. நான் மெஷினை நிறுத்தினேன். பனிமலையின் ஓரத்தில் கீற்று தெரிந்தது. மழைக்கு எங்கள் ஊரில் உப்புக் குவியலை மூடுகிற கீற்று.

“ஏங்க, இது நம்ம உப்பளமாட்டம் இருக்குதே” என்றேன்.

அவர் அதற்குள் டிவிக்குக் கிட்டே போய்க் குந்தியிருந்தார்.

அடுத்த காட்சியில் இலைப் பாவாடையும் எலும்பு மாலையும் போட்ட காட்டுவாசி ஒருவன் ஈட்டியோடு உப்பு மலைக்குப் பின்னாலிருந்து குதித்தான். கதாநாயகன் சுட்டான். காட்டுவாசி மூன்று சுற்றுச் சுற்றி விழுந்தான்.

“நான்தான்” என்றார் அவர்.

மகள் பின்னால் தள்ளி, படத்தை நிறுத்தினாள். ஒல்லியான, பத்தொன்பது வயசுப் பையன். காது மட்டும் இன்றைக்கு இருப்பது போலவே விடைத்துக்கொண்டு நின்றது. கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த போட்டோ என்று அவரிடம் ஒன்றுகூடக் கிடையாது. அந்த வயசில் அவரை நான் முதன்முதலாகப் பார்க்கிறேன். இத்தனை வருஷம் நம்பாமல் போனேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

“நெசமாவே நடிச்சிருக்கீங்க” என்றேன்.

“நான் என்னைக்கு இல்லன்னேன்? போடு, இன்னும் இருக்குது.”

இருந்தது. பத்து நிமிஷத்தில் செத்தவர் திரும்பி வந்தார், இந்த முறை தலையில் துணி கட்டிய கொள்ளைக்காரனாக. எங்கள் ஊர்க் கழிவெளி ஏரித் தண்ணீரில் முதலை அவரைப் பிடித்தது.

“டியூப்ல சாக்கு தைச்சு செஞ்ச முதலை” என்றார். “அதுக்கு வாயும் அசையாது, வாலும் அசையாது. நான்தான் அது வாயைப் புடிச்சி உலுக்கிக்கினே கத்தினேன். டைரக்டர் கைதட்டினாரு.”

அப்புறம் புதைகுழியில் ஒருமுறை செத்தார். அதற்குள் சிரித்துச் சிரித்து மகளுக்கு விக்கல் வந்துவிட்டது. புதையல் கிடைத்து, கதாநாயகனும் கதாநாயகியும் கடலில் சூரியன் மறைவதைப் பார்த்தபடி நின்றார்கள்.

“நம்ம கடல்ல எப்பப்பா சூரியன் மறைஞ்சுது?” என்றாள் மகள்.

“அது விடியக்கால எடுத்தது. அதை அப்படியே திருப்பி ஓட்டிட்டாங்க. பாரு, அலை பின்னால போவுது.”

அலை பின்னால்தான் போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் காட்டுக்குள் கல்யாணம். கூட்டத்தில் ஆடுகிறவர்களில் மூன்றாவது ஆள் என் கணவர்.

“மூணு வாட்டி செத்துட்டு கல்யாணத்துக்கு எப்படிங்க வந்தீங்க?”

“அன்னைக்கு பிரியாணி போட்டாங்க” என்றார், கொஞ்சமும் சிரிக்காமல்.

பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. மகளுக்கு அது மனக்குறை. அவருக்கு அப்படியொன்றும் இல்லை. எழுந்துபோய் டீ போட்டு மூன்று தம்ளரில் கொண்டுவந்தார். மழை விட்டதும் மகள் கடைத்தெரு ஸ்டுடியோவில் அந்த நிறுத்திய படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு வாங்கி வந்தாள். எங்கள் கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டினோம்.

பொங்கலுக்குக் கிளியனூரிலிருந்து வந்த என் அக்கா, உள்ளே நுழைந்ததும் அதைப் பார்த்தாள். ஈட்டி, எலும்பு மாலை, முறைப்பு. செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“இது எந்த ஊரு சாமிடி?” என்றாள்.