சும்மா ஓடிய கிலோமீட்டர்கள்

என் வீட்டுக்காரரிடம் எதைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் "சும்மா". எங்கே போயிருந்தீர்கள் என்றால் சும்மா. ஏன் சிரிக்கிறீர்கள் என்றால் சும்மா. ஒருநாள் கால் வீங்கி நொண்டிக்கொண்டு வந்தவரைப் பதறிப்போய் விசாரித்தால், "சும்மா, பெட்டி விழுந்துடுச்சு" என்கிறார்.

அந்தப் பெட்டி விழுந்தது என் அண்ணனுடைய குடோனில். கல்யாணமானதிலிருந்து இவருக்கு அங்கேதான் வேலை. அண்ணன் கெட்டவர் இல்லை, ஆனால் அவர் வாய்க்குப் பூட்டு இன்னும் யாரும் செய்யவில்லை. "என்ன மாப்பிள்ளை, சும்மா நிக்கிறீங்க?" என்பதை மூச்சு விடுவது போலச் சொல்வார். இவர் டீ குடித்தாலும் அதே கேள்வி, லாரி வராமல் காத்திருந்தாலும் அதே கேள்வி. வீட்டுக்கு வந்தால் இவர் பேச மாட்டார். வைத்ததைச் சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அந்தச் சுவரில் அப்படி என்னதான் தெரிந்ததோ. எனக்குப் பார்க்கப் பொறுக்காது.

திடீரென்று ஒருநாள், கார் ஓட்டப் போகிறேன் என்றார். போனில் ஆப் இருக்கும், அதில் அழைப்பு வரும், ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட வேண்டும், தலைக்கு மேல் முதலாளி கிடையாது. காருக்கு முன்பணம் போட்டது அண்ணன்தான். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்.

"ஒரு வருஷம் ஓட்டிப் பாருங்க மாப்பிள்ளை. வரி கட்டின பிறகு கையில ஏதாவது நின்னா சரி. நிக்கலேன்னா காரை வித்துட்டு குடோனுக்கே வந்துடணும்."

இவரும் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டிவிட்டு வந்தார்.

கார் வந்ததும் ஆளே மாறிப்போனார். வாய் மூடுவதில்லை. பல் டாக்டர் ஏறினால் அன்றைக்கு எங்கள் வீட்டுப் பற்கள் எல்லாவற்றுக்கும் பரிசோதனை. யாரோ ஒருவர் நாயோடு ஏறினாராம், அவருக்கே தெரியாத வழியை நாய் சொன்னதாம். பாதிக்கு மேல் கப்சா என்று தெரிந்தும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன். இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு இந்த மனிதர் அப்போதுதான் அறிமுகமானார். இவரைத் திரும்ப அந்தச் சுவருக்கு அனுப்ப எனக்கு மனசில்லை.

வருடம் முடிந்தது. வரி வந்தது. இவர் சாக்குப்பை நிறைய ரசீதுகளோடு கிளம்ப, நானும் கூடப் போனேன்.

ஆடிட்டர் அம்மாவின் அறை, சாவி செய்யும் கடைக்கு மேல்மாடியில். கீழே சாவி அறுபடும்போதெல்லாம் மேலே பல் கூசும். அந்த அம்மா நிதானமாகச் சொன்னார்: தொழிலுக்காகக் கார் எவ்வளவு தூரம் ஓடியதோ, அந்தப் பங்குக்கு ஆன பெட்ரோல், டயர், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் வருமானத்திலிருந்து கழிக்கலாம். மீதிக்குத்தான் வரி. சொந்த வேலைக்கு ஓடியது கழியாது. அவர் கம்ப்யூட்டர் திரையில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்றின் தலையில் 'தொழில்', மற்றதில் 'சொந்தம்'.

ரசீதுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கார் கழுவிய காசு கழியும். போன் பில்லில் பாதி கழியும். மீதிப் பாதி, நான் என் தங்கையோடு பேசியது. நோ பார்க்கிங்கில் நிறுத்திக் கட்டிய அபராதத்தையும் நைசாக நீட்டினார் இவர்.

"தப்பு பண்ணதுக்கெல்லாம் கழிவு கிடையாதுங்க."

"அப்ப இந்தக் கறுப்புக் கண்ணாடி? வெயில் கண்ணுல அடிக்குதுங்களே."

"வெயில் எனக்கும்தான் அடிக்குது," என்று அதையும் ஓரமாக வைத்தார்.

கடைசியில் டைரி. எங்கிருந்து எங்கே, எவ்வளவு தூரம், எதற்காக என்று இவர் தினமும் தவறாமல் எழுதியது. ஆடிட்டர் அம்மா புரட்டினார். சவாரி. சவாரி. சும்மா. சவாரி. சும்மா. சும்மா.

"என்னங்க இது, பாதி டைரி சும்மாவா இருக்கு?"

"ஆமாங்க."

"சும்மான்னா?"

"சும்மான்னா... சும்மாதாங்க."

அவர் பெருமூச்சு விட்டு எல்லா சும்மாவையும் சொந்தத்தில் போட்டார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கட்ட வேண்டிய வரி அதில் தெரிந்தது. அதைக் கட்டினால் கையில் ஒன்றும் நிற்காது. இவர் மெதுவாகத் தலையைத் திருப்பி ஆடிட்டர் அம்மாவின் சுவரைப் பார்க்க ஆரம்பித்தார்.

எனக்கு வந்ததே கோபம். டைரியை வெடுக்கென்று இழுத்தேன்.

"அம்மா, கையில ஒண்ணும் நிக்கலேன்னா இவர் காரை வித்துடணும். இவர் பேசற பாஷை எனக்குத்தான் புரியும். நான் கேக்குறேன். ஏங்க, விமான நிலையத்துலேர்ந்து பஸ் நிலையம், சும்மான்னு எழுதியிருக்கீங்க. எதுக்குப் போனீங்க?"

"அங்க ஈ காக்கா இல்ல. இங்க பஸ் வர்ற நேரம். யாராவது கூப்பிடுவாங்கன்னு சும்மா வந்தேன்."

"ஆப் ஆன்ல இருந்துச்சா?" என்றார் ஆடிட்டர் அம்மா, நிமிர்ந்து உட்கார்ந்து.

"அது எப்பவும் ஆன்தாங்க."

"அட, அப்ப அது தொழில்ங்க! ஆள் இல்லாம ஓடினாலும் ஆளைத் தேடி ஓடினா தொழில்தான். இதைப் போய் சும்மான்னு எழுதுவாங்களா?"

"வண்டி காலியா இருந்துச்சுங்களே. காசு வராம ஓடினா சும்மாதானே?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெட்டி தூக்காத நேரமெல்லாம் சும்மா என்று அண்ணன் சொல்லிச் சொல்லி இவரும் அதை நம்பிவிட்டார். இத்தனை நாள் நானும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் அந்த நேரம் எதிரில் இருந்திருந்தால் அந்தச் சாக்குப்பையைத் தூக்கி அவர் தலையில் கவிழ்த்திருப்பேன்.

ஆப் கம்பெனி அனுப்பிய நேரக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சும்மாக்களை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். சவாரியை ஏற்றப் போன சும்மா, தொழில். ஊர்க்கோடியில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய சும்மா, தொழில். என் தங்கை வீட்டுக்கு மெத்தை ஏற்றிக்கொண்டு போன சும்மா, சொந்தம். எண்கள் ஒரு கட்டத்திலிருந்து மற்றதற்குத் தாவத் தாவ, இவர் சுவரை விட்டுவிட்டுத் திரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

பிறகு, ஆஸ்பத்திரி பின்வாசல், சும்மா. வாரம் தவறாமல் நாலைந்து முறை.

"இதெல்லாமும் தொழில்ல போடுங்கம்மா," என்றேன் பெருமையாக. "அந்த ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுலதான் நான் வேலை பாக்குறேன். இவருக்கு அந்தப் பக்கம் அடிக்கடி சவாரி விழும். இறக்கிட்டு, அப்படியே என்னையும் ஏத்திக்கிட்டு வருவார்."

"அது வேண்டாங்க," என்றார் இவர்.

மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

"இல்லம்மா, அது தொழில் இல்ல." என்னைப் பார்க்காமல் ஆடிட்டர் அம்மாவிடம் சொன்னார். "அந்தப் பக்கம் சவாரியே கிடையாதுங்க. ஆப்பை ஆஃப் பண்ணிட்டுத்தான் போவேன். இவ நாள் முழுக்க நின்னுக்கிட்டே இஸ்திரி போடுறா. அந்நேரம் பஸ்ஸுல உக்கார இடம் கிடைக்காது. சொல்லிட்டுப் போனா பெட்ரோல் தண்டம்னு திட்டுவா. அதான், சவாரி இருந்துச்சுன்னு... அது நெசமாவே சும்மாங்க."

ஒரு வருடமாகக் காரில் ஏறும்போதெல்லாம், "பரவாயில்லையே, இன்னைக்கும் இந்தப் பக்கம் சவாரியா?" என்று கேட்டிருக்கிறேன். ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறார். மிதித்த காலைத் தடவிக்கொடுக்கலாம் போல இருந்தது.

ஆடிட்டர் அம்மா அந்த ஆஸ்பத்திரி சும்மாக்களை மட்டும் சொந்தத்திலேயே விட்டுவிட்டுத் திரையைத் திருப்பினார். வரி போகக் கையில் நின்றது. பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் நின்றது.

"கார் உங்களோடதுதாங்க," என்றார்.

படியிறங்கும்போதே அண்ணனின் போன்.

"என்னம்மா ஆச்சு? மாப்பிள்ளை என்ன பண்றார், சும்மா நிக்கிறாரா?"

"அவர் ஒருநாளும் சும்மா நின்னதில்லண்ணே. நீ குடோனுக்கு வேற ஆளைப் பாத்துக்கோ."

காரில் ஏறியதும் இவர் வழக்கம்போல ஆப்பை ஆன் செய்யப் போனார். போனைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

"எங்க போகணும்?" என்றார்.

"சும்மா போங்க."

டைரியை நானே எடுத்து, மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்தேன். எதற்காக என்ற இடத்தில் 'சொந்தம்' என்று எழுதினேன்.