மருதாத்தாள் ஏறிப் பார்த்த வண்டி

கட்டிலோ மாட்டுவண்டியோ, மருதாத்தாள் முதலில் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறார். பிறகு எழும்பி எழும்பி அமர்கிறார். முனகல் கேட்டால் இறங்கிவிடுகிறார்; விலை பேசுவதே கிடையாது. இந்தச் சோதனைக்கு ஏற்ற உடம்பு அவருடையது. பாலக்காட்டை அடுத்த சித்தூர்ச் சந்தையில் கட்டில் விற்பவர்கள் அவரைத் தொலைவில் கண்டதுமே உறுதியான கட்டிலை முன்னால் இழுத்துப் போடுகிறார்கள்.

நெல்லைப் பாலக்காட்டுக்குக் கொண்டுபோகச் சொந்தமாகப் பழைய லாரி ஒன்று வாங்குவதென்று முடிவானபோது, பக்கத்து வீட்டு வாத்தியாரான என்னையும் துணைக்கு அழைத்தார்கள். முந்திய அறுவடையில் வாடகை வண்டி ஒன்று பாரம் தாங்காமல் கவிழ்ந்து, மூட்டைமேல் இருந்த பண்ணையாள் பெரியமுத்துவுக்குக் கால் முறிந்திருந்தது. அன்றிலிருந்து மருதாத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை.

தரகர் சுவக்கீன் இரண்டு வண்டிகளைக் காட்டினார். ஒன்று பட்டாளத்தில் கழித்துவிட்ட பழைய வண்டி. அழுக்கு நிறம், குட்டைப் பெட்டி. மற்றது பச்சைப் பெயின்ட் மின்ன, பின்பக்கம் நீட்டிக் கட்டிய பெட்டியோடு நின்றது. கணவர் குப்பண்ணன் பச்சையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

“எடம் எத்தன இருக்குது பாரு அம்மிணி!”

“எடம் இருக்குதுங்க. தெம்பு இருக்கோணுமல்லங்க?”

பச்சை வண்டியில் நெல் மூட்டைகளை அடுக்கச் சொல்லி, அவற்றின்மேல் ஏறினார் மருதாத்தாள். “முன்னால சீட்டுல உக்காருங்கம்மா” என்று பதறினார் சுவக்கீன்.

“நானென்ன விருந்துக்கா போறேன்? நெல்லு உக்கார்ற எடத்துலதான் எனக்கும் எடம்.” என் பக்கம் திரும்பினார். “வாத்தியாரே, நீங்களும் ஏறுங்க. அரை மூட்டைக்காவது ஆவீங்க.”

ஏறினேன். குப்பண்ணனும் ஏறினார். வாய்க்கால் மேட்டில் வண்டி மூக்கை உயர்த்தியது, உயர்த்திக்கொண்டே போனது. நீட்டிய பெட்டியின் பாரம் பின்னுக்கு இழுக்க, முன்சக்கரங்கள் தரையை விட்டன. டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்பினார். சக்கரங்கள் காற்றில் திரும்பின. எஞ்சின் நின்றுபோய், வண்டி பின்னோக்கி உருண்டது. “அய்யோ மாரியாத்தா!” என்று குதித்த குப்பண்ணன் வாய்க்காலில் இடுப்பளவுச் சேற்றில் நின்றார். நான் மூட்டையைக் கட்டிக்கொண்டேன். வண்டி ஒரு வைக்கோற்போரில் பின்புறத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது.

மருதாத்தாள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. தலையிலிருந்த வைக்கோலை உதறினார்.

“சுவக்கீனு, அந்த அழுக்கு வண்டியக் கொண்டாங்க.”

அதே மேடு, அதே டிரைவர், அதே வாத்தியார். மூட்டைகள் மட்டும் குறைவாகத்தான் பிடித்தன. ஆனால் பாரமெல்லாம் சக்கரங்களுக்கு நடுவே அடங்கியது. தடித்த ஸ்பிரிங் பட்டைகள் லேசாக அமுங்கி, அப்படியே நின்றன. பாதி மேட்டில் நிறுத்தச் சொன்னார். வண்டி பின்னால் சரியவில்லை. மறுபடி கிளப்பச் சொன்னார், ஏறியது.

“இது போதுமுங்க” என்றார் மருதாத்தாள். சேறு சொட்ட நின்ற குப்பண்ணன் வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

முதல் பாரம் ஏற்றிய காலையில்தான் அவருக்கு வாய் திரும்பியது. “இன்னுமொண்ணு தாராளமா ஏறுமல்லோ?” என்று ஆட்களைவிட்டு ஒரு மூட்டையை உச்சியில் போடச் செய்தார்.

மருதாத்தாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, மூட்டையின் காதைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். அது குப்பண்ணனின் காலடியில் பொத்தென்று விழுந்தது.