மூன்று வழியும் ஆறு சட்டையும்

கையைத் தூக்கச் சொல்லி என் தோளை அளந்துகொண்டே, "கனடாவிலை, சஸ்காச்சுவானிலை உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருக்கினமோ, ரீச்சர்?" என்று கேட்டார் பொன்மலர் அக்கா. இல்லை என்றேன். "மானிற்றோபாவிலை?" அங்கும் இல்லை. நாடாவை என் இடுப்புக்கு இறக்கி ஒரு கணம் பார்த்தார். "அப்ப சாப்பாட்டையாவது கொஞ்சம் குறையுங்கோ," என்றார்.

புத்தூரில் வீட்டின் முன் அறைதான் அவருடைய தையற்கடை. மெசினுக்கு மேலே இரண்டு மணிக்கூடுகள். ஒன்று நம்முடைய நேரம், மற்றது மகள் நிமலினி இருக்கும் கனடாவின் ரெஜைனா நகர நேரம். நிமலினி அங்கே உயிர்வேதியியல் படித்து முடித்தவள். படித்தவர்களுக்குக் கொடுக்கிற மூன்று வருட வேலை அனுமதி இந்த ஆவணியோடு முடிகிறது. அதற்குள் படிப்புக்கேற்ற வேலை கிடைத்தால்தான் அங்கே தங்கலாம். இப்போது கோப்பிக் கடையில் அவள் பார்க்கும் வேலை கணக்கில் வராது. நூற்றுச் சொச்சம் விண்ணப்பம் போட்டும் ஒருவரும் கூப்பிடவில்லை.

பத்தாம் வகுப்போடு நின்ற அக்காவுக்கு இன்று கனடாவின் குடிவரவு விதி எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. சீருடைக்கு நீல நூல் கோத்தபடியே விரல் மடிப்பார். "ஒண்டு, வயசுக்கும் படிப்புக்கும் போடுற புள்ளி. ரெண்டு, பிரெஞ்சு. மூண்டு, சின்ன ஊர்க் கொம்பனி ஒண்டு கூப்பிடவேணும்." பிரெஞ்சு தெரிந்தால் புள்ளி கூடும் என்று கேள்விப்பட்ட நாளே, மகளுக்கு முதல் இவர் படிக்கத் தொடங்கிவிட்டார். இப்போது தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் "போன்ஜூர்" என்ற பிரெஞ்சு வணக்கத்தைக் கேட்காமல் தப்ப முடியாது.

நாலாவது வழியும் உண்டு என்று வந்தார் கலியாணத் தரகர் இளையதம்பி. அங்கே வதிவிட உரிமையோடு ஒரு மாப்பிள்ளை இருக்கிறாராம். "கலியாணம் வேறை, அனுமதி வேறை. ரெண்டையும் ஒண்டாய் வைச்சுத் தைக்கேலாது," என்று அக்கா அவரை அனுப்பிவிட்டார். தரகரின் நீளக் காற்சட்டை இரண்டு கிழமை பிந்தித்தான் கிடைத்தது.

வியாழக்கிழமைச் செபக்கூட்டத்தில் போதகர், "நிமலினிக்கு விசா கிடைக்க வேண்டுமென்று மன்றாடுகிறோம்," என்றார். எல்லோரும் கண்ணை மூடியிருந்தோம். "விசா கிடக்கு ஐயா. வேலைக் கடிதம்தான் இல்லை. சரியாய்க் கேளுங்கோ," என்று அக்காவின் குரல் எழுந்தது. போதகர் திருத்தி மன்றாடினார். சிரிப்பை அடக்கிக்கொண்டு நாங்கள் ஆமென் சொன்னோம்.

தையலில் அவருக்கு ஒரு பிடிவாதம். விலாப் பக்கம் உள்ளே கொஞ்சம் துணி கூட விட்டுத்தான் தைப்பார். "ஆக்கள் ஒரே அளவிலை நிக்கிறேல்லை. பிறகு பிரிச்சு விட இடம் வேணும்."

ஒருநாள் என் சட்டையைத் தேடி அலுமாரியைத் திறந்தார். எல்லாத் துணியிலும் பெயர்த் துண்டு குத்தியிருந்தது. ஓரமாக இருந்த ஆறு சாறிச் சட்டைகளில் மட்டும் இல்லை. மெல்லிய உடம்புக்கான சட்டைகள். விலாவில் இரண்டு விரல் துணி விட்டிருந்தது.

"இது ஆரின்ரை?"

"நிமலினியின்ரை." குரல் இறங்கிவிட்டது. "ஒண்டும் சரிவராட்டி வருவாள் எல்லே. இஞ்சை படிப்பிக்கப் போறதெண்டால் சாறிதானே உடுக்கவேணும். கனடாச் சாப்பாட்டிலை உடம்பு வைச்சிருப்பாள் எண்டு ரெண்டு விரல் விட்டனான். இதை அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அம்மா நம்பிக்கையை விட்டிட்டா எண்டு நினைப்பாள்."

அன்று எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மகள் அங்கேயே நிற்க வேண்டும் என்று ஊரெல்லாம் ஆள் தேடுகிறவர், வந்தால் உடுக்க ஆறு சட்டையும் தைத்து வைத்திருக்கிறார்.

போன செவ்வாய் மாலை படலையிலேயே என் கையில் சுடச்சுடப் பொரித்த ஒரு றோல்ஸ் வந்து விழுந்தது. கேள்விப்படாத ஒரு சின்ன ஊரில், தண்ணீரைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் நிமலினியைக் கூப்பிட்டுவிட்டதாம். "மூண்டாம் வழி! நான் சொன்னனான் எல்லே!" அக்காவுக்குத் தலைகால் தெரியவில்லை. போதகருக்குப் போன் எடுத்துச் சொன்னார். இளையதம்பிக்கும் இரண்டு றோல்ஸ் அனுப்பினார்.

"இனி எப்ப வருவாள்?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

"வருவாள்... லீவு கிடைக்கேக்கை வருவாள்."

அலுமாரியைத் திறந்து அந்த ஆறு சட்டைகளில் ஒன்றை எடுத்தார். கண்ணாடி முன் நின்று தன் நெஞ்சோடு வைத்துப் பார்த்தார். பிறகு மெசினடியில் உட்கார்ந்து, விலாத் தையலைப் பிரித்து, உள்ளே விட்டிருந்த இரண்டு விரல் துணியையும் தன் அளவுக்கு வெளியே விட்டார்.