ரஜனி அக்காவின் டீசல் பந்தி

ஆம், சிரித்தேன்தான். ரஜனி அக்கா மாரடைப்பில் போய்விட்டார் என்று அலுவலகத்திலிருந்து அழைத்துச் சொன்னபோது கலஹா பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். வெளியே ஆடி மழை. அதைப் பார்த்ததும் சிரிப்பு. அழுகை பேராதனையில் இறங்கிய பிறகுதான். அவரோடு வேலை செய்தவர்களுக்கு அந்த மழையின் கதை தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

கண்டியில் ஓர் ஆய்வு அலுவலகத்தில் இருந்துகொண்டு கடலைப் பற்றி எழுதியவர்கள் நாங்கள். அரசின் மீன்பிடி மானியங்களை மாற்றச் சொல்லும் பரிந்துரை. பெரிய படகுகளுக்கான டீசல் மானியத்தை நிறுத்த வேண்டும் என்று எழுதிய பந்தி அக்காவுடையது. திருகோணமலையில் அவருடைய தம்பிக்கு அப்படி இரண்டு படகுகள். பந்தியைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து தம்பி பேசவில்லை.

"சின்ன மீனையும் அள்ளி முடிஞ்சா, அவனுக்கு டீசல் மட்டுந்தான் மிஞ்சும்," என்பார் அக்கா. "என்ர தம்பி எண்டபடியாலதான் அந்தப் பந்தியை எடுக்கேலாது."

என் பங்கு அடுத்த பந்தி: மீன் பெருக, சில மாதங்கள் படகுகளைக் கரையில் நிறுத்துவது. எந்த மாதங்கள்? ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டியது. கடலும் இப்போது கொந்தளிக்கும், யாருக்கும் நட்டமில்லை என்று இந்த ஆடி மழை மாதங்களையே எழுதினேன்.

அக்கா வாசித்தார். முகம் மலர்ந்தது.

"நல்ல பிழை," என்றார். "அவன் கோவத்தில பேசமாட்டான். பிழையைக் கண்டா பேசுவான்."

தொலைபேசியை மேசையில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். மறுமுனை வெடித்தது.

"ஆரக்கா இதை எழுதினது?"

"இஞ்ச ஒரு பிள்ளை. கலஹா, மலைப்பக்கம்."

"அங்க மழை எண்டா இஞ்ச என்ன? இஞ்ச கடல் குளம் மாதிரிக் கிடக்கு. எங்களுக்கு இதுதான் பருவம்! ஜன்னலைப் பூட்டிப்போட்டு எழுதச் சொல்லு!"

அக்கா மேசையில் சாய்ந்து சிரித்தார். அரை மணி நேரம் பேசினார்கள்; மாதங்களையும் தம்பியே திருத்தினார். கடைசியில் தம்பி கேட்டார்: "டீசல் பந்தியை எடுத்திட்டியோ?"

"இல்லை."

தொடர்பு அறுந்தது. "நாளைக்கு அவனே கோல் எடுப்பான்," என்று அக்கா தேநீர் ஊற்றப் போனார். தம்பி எடுத்தார்.

அக்கா இறந்த மறுநாளே அலுவலகத்தில் மெல்லச் சொன்னார்கள், அந்தப் பந்தி கொஞ்சம் கடுமை, விட்டுவிடலாமே என்று. செத்த வீட்டுக்குத் தம்பி வந்திருந்தார். என்னை அழைத்தார்.

"நீர்தானே மழைப் பிள்ளை?"

"ஆமாங்கண்ணே."

"டீசல் பந்தி கிடக்கோ?"

"இருக்குங்க."

"எடுக்காதேயும். எடுத்தா செத்தும் என்னைப் பேசுவாள்." அழுதபடியே சிரித்தார். "ஆனா படகில வேலை செய்யிறவங்களை மறந்துபோனாள். நிறுத்திற மாதங்களில அவங்களுக்கும் ஏதும் குடுக்கோணும். அதையும் எழுதும்."

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதுதான்: யாருக்கு வலிக்குமோ அவருக்கே முதலில் வாசித்துக் காட்டும் தைரியம். அதிலுள்ள மகிழ்ச்சியும்.

திங்கட்கிழமை படகுத் தொழிலாளருக்கான உதவித்தொகை பற்றி ஒரு வாக்கியம் சேர்த்தேன். டீசல் பந்தியில் கை வைக்கவில்லை. பரிந்துரையைக் கொழும்புக்கு அனுப்பினேன்.