அட்டைப்பெட்டியும் வட்டமாக இட்ட கையெழுத்துகளும்

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவில் எங்களோடு கலந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே!

மேடைகளில் எத்தனையோ பெருவாழ்வுகளைப் பேசியிருக்கிறேன். அப்பாவின் வாழ்வைச் சொல்ல ஓர் அட்டைப்பெட்டி போதும்.

அறந்தாங்கிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்த அப்பா, ஆங்கில இலக்கியம் படித்தும் வேலை கிடைக்காமல், இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் ஷார்ஜா தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கின் ஸ்டோர்கீப்பரானார். சேர்ந்த நாளிலேயே அவர் பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி இழுப்பறையில் பூட்டியது. சங்கம் வைக்க அங்கே அனுமதியில்லை.

கிடங்கில் எவரோ விட்டுச்சென்ற பெட்டியொன்றை எறியச் சொன்னார்கள். அப்பா அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அமெரிக்க ரயில்களில் பயணிகளுக்குப் படுக்கை விரித்த கறுப்பினத் தொழிலாளர்கள் சங்கம் கண்ட வரலாற்றைத் தொலைக்காட்சிப் படமாக்கத் திரட்டிய புகைப்படங்களும், முதியவர்களின் பேட்டித் தாள்களும் அதில் இருந்தன. வெள்ளிக்கிழமைகளில் அவற்றை அறைத் தோழர்களுக்குத் தமிழில் படித்துச் சொன்னார். முன்னின்றவரின் பெயர் தெரிந்ததும் அவருக்கே முதலில் வேலை போனது என்றது ஒரு பேட்டி.

அவ்வாண்டு அப்பா உட்படப் பதினோரு பேருக்கு லீவு வந்தும் பாஸ்போர்ட் வரவில்லை. அப்பா ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதினார். முதற்பெயர் எதுவென்று தெரியாதபடி பதினோரு பேரும் வட்டமாகக் கையெழுத்திட்டார்கள்.

பிறகு நடந்ததை, அறைத் தோழர் செல்வம் சித்தப்பா காரியத்தன்றுதான் எங்களுக்குச் சொன்னார்:

“கேம்ப்பப் பாத்துக்கிற மேனேஜரு பேப்பரத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ‘வட்டம் நல்லாத்தான் இருக்கு பாய். இவ்ளோ நல்ல இங்கிலீஷ் இந்த கேம்ப்ல எத்தன பேருக்கு வரும்?’னாரு. நாங்க தலையத் தொங்கப்போட்டுட்டோம். அண்ணன் எந்திரிச்சு, ‘நான்தான்’னுட்டாரு. ‘பத்துப் பேருக்குத் தர்றேன். உனக்கு மாஃபீ, கெடையாது. கலாஸ்!’னு முடிச்சுட்டாரு. ரூமுக்கு வந்து, ‘கொஞ்சம் தப்பும் தவறுமா எழுதித் தொலைச்சிருக்கலாம்லண்ணே!’ன்னேன். ‘வரலையேடா’ன்னு சிரிச்சாரு.”

பத்துப் பேரும் ஊர் வந்தார்கள். அப்பா மேலும் மூன்றாண்டுகள் அங்கேயே இருந்தார். அதே கிடங்கு, அதே அறை, பூட்டிய அதே இழுப்பறை. அந்நாளில் மாநிலப் பேச்சுப் போட்டியில் வென்ற செருக்கோடு தொலைபேசியில் கேட்டேன்: “எல்லார் அப்பாவும் வந்திருந்தாங்க. உங்களுக்கு மட்டும் லீவே இல்லியாப்பா?”

“கெடைக்கலம்மா.” அவ்வளவே சொன்னார்.

அன்று நான் பேசி வென்ற தலைப்பு, தொழிலாளர் உரிமை.

இழுப்பறை திறந்தபோது அப்பா இதய நோயோடு திரும்பினார். கையில் அந்தப் பெட்டியும் வந்தது. எட்டு மாதங்களே எங்களோடு இருந்தார்.

அவரை மருத்துவமனைக்குத் தாங்கிச் சென்ற அண்டை வீட்டார், இறுதிவரை கவனித்த செவிலியர், காரியங்களுக்கு ஓடிவந்து தோள்கொடுத்த பத்து அறைத் தோழர்கள் ஆகியோருக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அவர்கள் பெயர்களை இந்த நினைவு மலரின் பின்னட்டையில் வட்டமாக அச்சிட்டிருக்கிறோம். அப்பாவின் பெயரும் அவற்றினிடையே இருக்கிறது.

முதற்பெயர் எதுவென்று தேட வேண்டாம்.