குப்பி கழுவினவளும் ஒரு குட்டி மேடும்

லண்டனுக்கு வந்த எங்கட சனத்தில் கோப்பை கழுவாத கை குறைவு. நான் கழுவினது கோப்பையில்லை, ஆராய்ச்சிக்கூடத்துக் கண்ணாடிக் குப்பிகள். றப்பர் கையுறைக்குள் விரல் ஊறி வெளுத்துப்போய் வீடு திரும்பும் சகோதரிகளே, நான் சொல்லப்போவது உங்களுக்கு நன்றாக விளங்கும். எனக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. புது ஆட்களைக் கண்டால் வாய் திறக்காது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மகள் நர்சரியில் இருக்கும் காலை நேரத்துக்குள் முடிகிற வேலை இது ஒன்றுதான் அகப்பட்டது. என்ன வந்தாலும் இதை விடுவதில்லை என்று முதல் நாளே முடிவெடுத்தேன்.

பூட்டிய அலுமாரி

கூடத்துக்குப் பொறுப்பு ஷீலா. ஈஸ்ட் லண்டன்காரி, எல்லாரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவா. ஒரு பூட்டிய அலுமாரியைக் காட்டி, "இதுக்குக் கிட்டப் போகாதை லவ், உள்ளுக்குக் கஞ்சா" என்றா. நான் இரண்டடி பின்னுக்குப் போனேன். அரசாங்கத்திடம் அனுமதி வாங்கி, அந்தச் செடிக்குள் என்னென்ன இருக்கிறது, எது எதைச் செய்கிறது என்று பிரித்துப் பார்க்கிறார்களாம்.

என் கணவர் பெற்றோல் செட்டில் ஷிப்ட் முடித்து வந்ததும் மெல்லச் சொன்னேன். "இஞ்சேருமப்பா, எங்கட அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை, நீர் போய்க் கஞ்சாக் குப்பி கழுவுறீரோ?" என்று குதித்தார். "முத்திரை குத்தின அனுமதி சுவரில தொங்குதப்பா, நான் என்ர கண்ணால பாத்தனான்" என்றேன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "அப்ப எங்களுக்கு முந்திச் செடிக்கு அனுமதி குடுத்திட்டாங்களோ?"

பிலாக்காய்ப் பால்

அந்தச் செடியின் சாறு காய்ந்தால் பிசின். சுடுதண்ணீரும் கேளாது, சவுக்காரமும் கேளாது. பிலாக்காய் வெட்டினால் கையில் ஒட்டும் பாலுக்கு நாங்கள் என்ன செய்வோம்? தேங்காயெண்ணெய் பூசுவோம். கை வெடிப்புக்குப் பூச என் கைப்பையில் ஒரு சின்னப் போத்தல் எப்போதும் இருக்கும். பூசித் தேய்த்துச் சவுக்காரம் போட்டேன். குப்பிகள் பளபளத்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அங்கே ஒரு மெசின் உண்டு. செடிச் சாற்றை உள்ளே விட்டால், அதிலுள்ள ஒவ்வொரு பொருளும் தனித்தனியாக வெளியே வரும். வர வர ஒரு பேனை கடதாசியில் மேடு மேடாகக் கீறும். மேடு பெரிதென்றால் பொருளும் கூட. அடுத்த நாள் காலை அந்தக் கடதாசியில் ஒருவரும் காணாத மேடுகள். ஆராய்ச்சி செய்யும் டாக்டர் டெரிக்குக்கு ஒரே சந்தோசம். ஷீலா வந்து குப்பியை முகர்ந்து பார்த்தா. என்னைப் பார்த்தா. பிறகு அவரிடம் சொன்னா: "டெரிக், உன்ர புது மருந்து சிப்ஸ் பொரிக்கத்தான் உதவும்!"

கொச்சிக்காய்

அதன் பிறகு ஒழுங்காகப் பழகினேன். முதலில் ஸ்பிரிட், பிறகு சவுக்காரம், பிறகு சுத்திகரித்த தண்ணீர், கடைசியில் சூட்டடுப்பு. எண்ணெய்ப் போத்தலை வீட்டிலேயே விட்டேன். அப்படியிருந்தும் ஒரு நாள் கடதாசியில், வழமையான பெரிய மேடு முடிந்து நீண்ட நேரத்துக்குப் பிறகு, ஒரு குட்டி மேடு. டெரிக் தேத்தண்ணி அறையில் எனக்குப் படம் கீறி விளங்கப்படுத்தினார். வெறியைத் தருகிற பொருளுக்குச் சின்னச் சங்கிலி மாதிரி ஒரு வால் இருக்கிறதாம். பிந்தி வருகிறபடியால் இந்தக் குட்டி மேட்டுப் பொருளுக்கு வால் இன்னும் நீளமாக இருக்கலாமாம். ஆராய்ச்சிக்கூடங்களில் வாலை நீட்டிச் செய்து பார்த்தவற்றுக்குப் பலம் பல மடங்கு கூடவாம். செடியே அப்படி ஒன்றைத் தானாகச் செய்கிறதா என்பதுதான் அவருடைய கேள்வி. தூசு அளவென்றாலும் அதன் வேலை பெரிது என்றார்.

எனக்குச் சட்டென்று விளங்கியது. அடுத்த நாள் அப்டன் பார்க் கடையில் வாங்கிய கொச்சிக்காய் மிளகாய் ஒன்றைக் கொண்டுபோய், "ஸ்மோல். ஸ்ட்ரோங்" என்று மேசையில் வைத்தேன். மனிசன் முழுதாக வாயில் போட்டார். கண்ணால் தண்ணீர் ஓட ஓட, இருமி இருமிச் சொன்னார்: "இதையெல்லோ அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்ட வேணும்!"

சொறி

ஷீலா அந்தக் குட்டி மேட்டை நம்பவில்லை. "திரும்பவும் கழுவின பிழைதான்" என்றா. நான் "சொறி" என்றேன். எனக்கு இங்கிலிஷில் எந்தக் கதையும் அந்த மன்னிப்புச் சொல்லோடுதான் தொடங்கும். உங்களுக்கும் அப்படித்தானே? ஆனால் அவ அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துவிட்டா. நான் தலையைக் குனிந்தது அதைவிடப் பெரிய சாட்சியாகப் போய்விட்டது. போகும்போது தோளில் தட்டிச் சொன்னா: "கோவமில்லை லவ், ஆனா வெள்ளிக்கிழமையோட வேற ஆள் பாக்கப் போறன்."

புதுப் பெட்டி

மேடு ஊத்தையென்றால் என் வேலையும் போகும், டெரிக்கின் ஆராய்ச்சியும் போகும். அவருக்கு வேறு ஆராய்ச்சி கிடைக்கும். எனக்கு வேறு காலை நேரம் கிடைக்காது. அன்று மகளைக் குளிக்க வார்த்துக்கொண்டே ஒரு வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பாடமாக்கினேன். அவளும் தொட்டிக்குள் இருந்து சேர்ந்து சொன்னாள்.

காலையில் ஷீலாவுக்கு முன்னால் போய் நின்றேன். தலை குனியவில்லை. சொறியும் சொல்லவில்லை. "புதுக் குப்பிப் பெட்டி உடையுங்கோ. நான் தொடமாட்டன். என்ர குப்பியில வெறும் ஸ்பிரிட் விடுங்கோ. புதுக் குப்பியில செடி விடுங்கோ" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. ஷீலா டெரிக்கைப் பார்த்தா. டெரிக் பெட்டியை உடைத்தார்.

நான் கழுவின குப்பியில் விட்ட ஸ்பிரிட்டுக்குப் பேனை நேர்கோடுதான் கீறியது. ஒரு மேடும் இல்லை. பிறகு புதுக் குப்பிச் சாறு. பெரிய மேடு வந்து போனது. கோடு நேராக ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று பேரும் கடதாசிக்கு மேல் குனிந்தோம். பேனை மெல்ல எழும்பி, ஒரு குட்டி மேட்டைக் கீறிவிட்டு இறங்கியது. டெரிக் கதிரையில் தொப்பென்று இருந்தார். ஷீலா கையுறைப் பெட்டியை என் பக்கம் தள்ளினா. "சரி லவ், அது உன்ர ஊத்தையில்லை, செடியின்ர சொந்தச் சரக்கு. திங்கட்கிழமை நேரத்துக்கு வா!"

நான் அங்கே இருந்த வரைக்கும் அந்தக் குட்டி மேட்டுக்கு அவர்கள் பேர் வைக்கவில்லை, என் பேரையும் ஒருவரும் சரியாகச் சொன்னதில்லை, ஆனால் எங்கள் இரண்டு பேரையும் அங்கேயிருந்து கழுவி அகற்ற ஒருவராலும் ஏலவில்லை.